ஹம்தி என்ற வாக்காளர்

"அவரு என் புருஷன்தான். ஆனா, இல்லேங்கறாரு," என்றாள் நுவேனா.

அகதி முகாமின் விசாரணை அதிகாரி தெக்பர் தேநீர் ஊற்றும் கையை நிறுத்தவில்லை. பக்கத்தில் நீலத்தொப்பியோடு இருந்த உருகுவேக்காரன் லெஃப்டினன்ட் ஒராசியோதான் துள்ளி நிமிர்ந்தான். தனி நாடா, மொரோக்கோவோடு சேர்வதா என்று மேற்கு சஹாரா மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய இருந்தார்கள். ஐ.நா. நடத்திய வாக்காளர் பதிவுக்கு அவன் காவல்.

"நேத்து ஹம்திங்கற பேர்ல பதிய வந்தாரு. வரிசையில யாரோ கேலி பண்ண, சிரிச்சாரு. அது என் லரோஸியோட சிரிப்பு. போர்ல காணாமப் போனப்ப எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மழைகூடப் பெய்யலை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். 'ஆள் மாறிப்போச்சு, சகோதரி'ங்கறாரு. சகோதரியாம்!" அவள் முகத்திரையால் கண்ணைத் துடைத்தாள். "பல்லு போயி, தாடி நரைச்ச முகம். சத்தியம் பண்ண முடியலை. நாளைக்கு லாரியில போயிட்டார்னா, நான் பொண்டாட்டியா விதவையான்னு கடைசிவரைக்கும் தெரியாது."

"கள்ள ஓட்டு, அக்கா!" என்றான் ஒராசியோ. "ஆளை அடையாளம் சொல்ற குலப் பெரியவர், ஷேக் தெய்ஷ் உள்ள வந்ததும் மூஞ்சியை மூடிக்கிட்டு ஓடினான். நானே பாத்தேன்."

"தெய்ஷ் என் அப்பா," என்றாள் நுவேனா.

"மத்த ரெண்டு ஷேக்குங்க முன்னாடி?" என்று கேட்டாள் தெக்பர்.

"மூடலை. டீ கூடக் குடிச்சான்."

"உங்கப்பாவுக்குப் பார்வை எப்படி, நுவேனா?"

"அவர் விரலே அவருக்குத் தெரியாது. பாட்டன் பூட்டன் பேரைக் கேட்டுத்தான் ஆளைச் சொல்வாரு. முகாமுக்கே தெரியுமே."

அன்று மாலை பதிவுக் கூடாரத்தில் தெக்பர் தேநீர் வைத்தாள். ஹம்தி இரண்டு ஷேக்குகளோடு ஒட்டகங்களைப் பற்றிப் பேசியபடி முதல் கிளாஸைக் குடித்தான். இரண்டாவது கிளாஸை எடுத்தபோது கோலைத் தட்டிக்கொண்டு தெய்ஷ் வந்து உட்கார்ந்தார். ஹம்தி கிளாஸை அப்படியே கீழே வைத்தான். தலைப்பாகைத் துணியைக் கண்வரை இழுத்து மூடி, கூடாரத் துணிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பாத்தீங்களா, பயம்!" ஒராசியோ கிசுகிசுத்தான்.

"பயம் இல்லை தம்பி, மரியாதை," என்றாள் தெக்பர், எல்லோருக்கும் கேட்கும்படி. "பயந்தவன் கண்ணு தெரிஞ்ச ரெண்டு பேர் முன்னாடி முகத்தைத் திறந்து வைப்பானா? கண்ணு தெரியாதவர்கிட்ட எதுக்கு மறைக்கணும்? எங்க ஆம்பளைங்க ஒருத்தர் முன்னாடிதான் குடிக்க மாட்டாங்க, திங்க மாட்டாங்க, முகம் காட்ட மாட்டாங்க. மாமனார் முன்னாடி. நாக்கைப் பொய்க்குப் பழக்கிட்டே லரோஸி. கையைப் பழக்க மறந்துட்டே."

அவன் துணிக்குள்ளிருந்தே சொன்னான்: "அவ வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு மொரோக்கோ ஜெயில்ல சொன்னாங்க. ஹம்தி என் பக்கத்துல செத்தவன். என் பேர் வெளிய வந்தா அவ குடும்பம் கலைஞ்சிடும். அவன் பேர்ல ஓட்டைப் போட்டுட்டு, அவளைத் தூரத்துல ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னு..."

"எவன் சொன்னான்? அவன் நாக்குல தேள் கொட்ட!" நுவேனா கூடாரத்துக்குள் நுழைந்தாள். "பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கு இல்லே, இல்லேன்னு சொல்லியே என் தொண்டை வத்திப்போச்சு."

அவன் தோள் குலுங்கியது. ஆனாலும் திரும்பவில்லை.

ஒராசியோ பேனாவைத் திறந்தான். "அப்போ, வாக்காளர் பேரு..."

"பேனாவை மூடுப்பா," என்று தெய்ஷ் கோலை ஊன்றி எழுந்தார். "டேய் கிழடுகளா, கிளம்புங்க. நான் இங்க உக்காந்திருக்கற வரைக்கும் இந்தக் கழுதை என் பொண்ணு பக்கம் திரும்ப மாட்டான்."

தெக்பர் ஒராசியோவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"ஓட்டு?" என்றான் அவன்.

"அதுக்குத்தான் ஊரே காத்திருக்கு. இவங்களாவது இன்னைக்குக் காத்திருக்க வேண்டாம்."

உள்ளே, முகத்துணியை விலக்கப் போன லரோஸியின் கை பாதியில் நின்றது. நுவேனா எட்டி, தானே அதை விலக்கினாள்.