எல்லாத்துக்கும் ஓம்

"அம்மா, தெருக்கதவின்ர கோட் நம்பரையும் சொல்லிப்போட்டியளோ, நான் எத்தினை தரம்..."

"வீட்டுக்கு வரப்போற ஆளுக்கு நம்பர் சொல்லாமல்? சுவராலை ஏறி வரச் சொல்லுறதோ?"

"கண்ணாலை காணாத ஆளுக்கு..."

"கண்டனான். பள்ளிக்கூடத்திலை ஆறு வருசம் ஒரே வாங்கு."

லக்ஷனா புறநகர் பொபினியிலிருந்து வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மழையில் நனைந்த ஜக்கெட்டைக் கழற்றாமலே தாய் கமலராணியோடு சண்டை பிடிக்கத் தொடங்கினாள். கமலராணி வெட்டிய வெங்காயம் பலகையில் அப்படியே கிடந்தது. நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் நவம்பர் ஞாயிறு. மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே, லாச்சப்பலின் இரும்புத் தூண்களுக்கு மேலே மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது.

சண்டை றஜனியைப் பற்றியது. முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு சாப்பாட்டுக் கடைக் குசினி வேலையை விட்டு கமலராணி வீட்டோடு இருந்தாள். சுவரைப் பார்த்துச் சமைத்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், ஆறு கிழமைக்கு முன், நம்பர் விழாத ஒரு அழைப்பு வந்தது. மறுமுனையில் யாரோ பேச வாயெடுத்துத் தயங்குவது போலிருந்தது. அந்தத் தயக்கம் அவளுக்குத் தெரியும். வன்னிக்குப் போனபின் ஒரு தகவலும் இல்லாமற்போன பள்ளிச் சிநேகிதி றஜனி அப்படித்தான் தயங்குவாள். "ஆர், றஜனியோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றது குரல். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் அழைப்பு வரும்.

லக்ஷனா போனும் கையுமாய் இருந்தாலும் அதை நம்பாதவள். அது மேசையில் சும்மா கிடந்தே எல்லாவற்றையும் கேட்கும், குரலைக் களவெடுத்து வேறு குரல் செய்வார்கள், தனியாக இருக்கிற வயதானவர்களைத்தான் தேடிப் பிடிப்பார்கள் என்று பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் பொரிந்தாள். வயதானவர்கள் என்ற சொல்தான் கமலராணியைச் சுட்டது.

"உனக்குப் போனிலை எண்ணூறு சிநேகிதம். போன மாசம் காய்ச்சலிலை கிடந்தியே, ஒருத்தி ஒரு சோடாப் போத்திலோடை வந்தவளோ?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அவ தானாய் ஏதும் சொன்னவவோ? ஊர், தேப்பன்ர பேர், இப்ப கூசேன்விலிலை இருக்கிறா எண்டது. எல்லாம் நீங்கள்தானே சொன்னனீங்கள். அவ ஓம் எண்டது மட்டுந்தானே."

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. புதுக்குரல் கேட்டால் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரிப்போம். பதில் வரும்வரை பொறுக்காமல் நாங்களே ஊரையும் தகப்பனையும் எடுத்துக் கொடுத்து, ஆளை ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் இருத்திவிடுவோம். கமலராணி யோசித்துப் பார்த்தாள். ஆறு கிழமையில் அந்தக் குரல் முதலாவதாய்ச் சொன்ன சொல் ஒன்றுகூட நினைவில் வரவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

போகும்போது மகள் ஒரு நிபந்தனை வைத்துவிட்டுப் போனாள். இன்றைக்கு அழைப்பு வந்தால் அம்மா எதையும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. றஜனி ஒரேயொரு விசயத்தைத் தானாகச் சொன்னால் போதும், லக்ஷனா இனி வாயே திறக்கமாட்டாள். சொல்லாவிட்டால் நாளைக்கே போன் நம்பரை மாற்றுவது. நம்பரை மாற்றினால் றஜனியை இரண்டாம் தரமும் தொலைக்கவேண்டும்.

கதவுக்கு இரண்டு பூட்டும் போட்டு, சங்கிலியும் மாட்டிவிட்டு வந்தபோது போன் அதிர்ந்தது.

"றஜனி, இண்டைக்கு நான் கதைக்கேல்லை. நீ கதை."

மௌனம். மூச்சுச் சத்தமும் இல்லை. குளிர்சாதனப்பெட்டியின் முனகல், பலகையிலிருந்து எழும் வெங்காய நெடி, ஜன்னல் விளிம்பில் மழை. அந்த மௌனம் காலியாக இல்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப்போல் அவளுடைய அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது.

"உன்ர அம்மான்ர பேரைச் சொல்லன். அதுவும் ஏலாதோ?"

மௌனம்.

"தங்கலெட்சுமி தானே?"

"ஓம்."

இனிமையான குரல். கமலராணிக்குக் காது மடல் சூடாகியது. தங்கலெட்சுமி அவளுடைய சொந்தத் தாயின் பெயர்.

"நாங்கள் ஒரே வாங்கிலை இருக்கேல்லை."

"ஓம்."

"நீ றஜனியே இல்லை."

"ஓம்." அதே இனிமை. அதே அளவு.

வெளியே மெத்ரோ போனது. கண்ணாடி கிணுகிணுத்தது. போனுக்குள்ளும் மெத்ரோ போனது. இன்னும் கிட்டத்தில், தூண்களுக்குக் கீழே நின்று கேட்பதுபோல.

வைத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் ஆறு கிழமையாய் இந்தக் குரலிடம் மகளைப் பற்றிய கவலையையும் தன் மனத்துக்கத்தையும் கொட்டியிருக்கிறாளே. ஆத்திரம் நாக்கைப் பிடித்திழுத்தது.

"என்ன, லாச்சப்பலுக்கே வந்திட்டியோ?"

"ஓம்."

"என்ர கோட் நம்பரை அடிச்சுத் தெருக்கதவைத் திறந்து பாப்பம் எண்டோ?"

"ஓம்."

கீழே தெருக்கதவு 'இர்ர்' என்று இரைந்து விலகியது.

கமலராணி குசினி விளக்கை அணைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இனி ஒரு சொல்லும் இல்லை. படிக்கட்டு விளக்கு எரிந்தது. கதவுக்கு அடியில் மஞ்சள் கோடு. காலடி கேட்கவில்லை. ஒரு நிமிடம் எரிந்து தானாக அணையும் விளக்கு அது. எண்ணினாள். இருபது. நாற்பது. மஞ்சள் கோட்டின் நடுவே இரண்டு கறுப்பு இடைவெளிகள் விழுந்தன. ஒரு ஆள் நின்றால் விழும் அளவு.

விளக்கு அணைந்தது.

இரண்டு பூட்டு. ஒரு சங்கிலி. இருட்டு. காதில் போன். வாசலில் நின்ற ஆளை வாசலிலேயே நிறுத்திப் பழகாத நாக்கு. பயமும் எரிச்சலும் ஒன்றாய் அடைக்க, வாய் தானாக அவிழ்ந்தது.

"அங்கை நிண்டு என்ன செய்யிறாய், உள்ளுக்கை வரப்போறியோ?"

"ஓம்."

அழைப்பு அறுந்தது. திரை கறுத்தது.

பூட்டுகள் அசையவில்லை. சங்கிலி மாட்டின இடத்திலேயே கிடந்தது. தெருவிளக்கின் வெளிச்சத்தில், கதவுக்கு இந்தப் பக்கத்தில், காய்ந்து கிடந்த தரையில் ஈரம். இரண்டு பாதம். பிறகு இன்னும் இரண்டு. குசினி வரைக்கும் வந்து, அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் முடிந்திருந்தன. திரும்பிப் போன சுவடு இல்லை.

கமலராணி தலையைத் திருப்பவில்லை. இந்த முறை எடுத்துக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை; கேட்க மட்டுமே முடிந்தது.

"எங்கை நிக்கிறாய்?"