பெரிய கிராணியின் அனுமதி

“கடவுளை மறுத்தவனுக்குப் பேய் இல்லை, இருள் இல்லை, அச்சம் இல்லை. இந்த அண்டத்தில் அவன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.”

ஈப்போ பகுத்தறிவுச் சிந்தனை மன்றத்தின் பதாகையில் சிவப்பு எழுத்தில் இருக்கும் இந்த வரிகளை எழுதியவர் மன்றத் தலைவர் மகேந்திரன். எழுதி முடித்த அன்று மாலை சிலிம் ரிவர் போகும் வழியில் காரை ஓரம் கட்டிவிட்டு ஒரு மரத்தடிக்குப் போனார். காற்சட்டையில் கை வைப்பதற்கு முன்னால், உதடு அசையாமல், “தோக், சூச்சு தும்பாங் லாலு” என்றார். தாத்தா, பேரன் இப்படி ஒதுங்கிக்கொள்கிறேன் என்று பொருள்.

இந்த நாட்டில் மரத்தடியில் ஒதுங்குகிறவர்கள் அந்த மரத்தில் குடியிருக்கும் ஆவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஒதுங்குவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடு இந்த ஒரு விஷயத்தில் கிடையாது. மகேந்திரன் கடவுளை மறுத்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. தோக் கடவுள் அல்லர் என்பதால் அவரை மறுக்கும் அவசியம் இதுவரை எழவில்லை. தவிரவும் அவர் கேட்பது மலாயில். மன்றத்தின் நடவடிக்கை மொழி தமிழ்.

இந்த ஏற்பாடு ஒருவருக்கும் தெரியாமல் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது, பத்து காஜா ஊருக்கு அப்பால் இருக்கும் அந்தக் கிராணி வீட்டுக்குப் போகும் வரை.

தோட்டத்துக் கணக்கரைக் கிராணி என்பார்கள். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் கிடையாது, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள். பெரிய கிராணி குடியிருந்த பலகை வீடு மட்டும், பின்னால் நாலைந்து கிழட்டு ரப்பர் மரங்களோடு, இடிக்க ஆள் கிடைக்காமல் நின்றது. அங்கே சப்பாத்துக் கால் நடக்கும் சத்தம் கேட்கிறது என்று யாரோ டிக்டாக்கில் போட்டார்கள். மன்றம் சும்மா இருக்குமா? பட்டப்பகலில் போய், பேய் இல்லை என்று வீடியோ எடுத்துப் போடுவதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் துணைத் தலைவர் அர்ச்சுனன். ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் தேர்தல் வருகிறது. அந்த நாற்காலி மேல் அர்ச்சுனனுக்கு ஒரு கண் என்பது மன்றத்தின் பூனைக்கும் தெரியும்.

போன அன்று உச்சி வேளை. மழை கட்டிக்கொண்டு நின்றது. கூட வந்த உறுப்பினர்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு காருக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். பேய்க்கு அஞ்சி அல்ல, கொசுவுக்கு.

“கேமரா ஓடுது தலைவரே. எதாவது சொல்லுங்க,” என்றார் அர்ச்சுனன், கைப்பேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு.

மகேந்திரன் சொன்னார். பகுத்தறிவு, அறிவியல், மனித மாண்பு. சொல்லச் சொல்ல அடிவயிறு கனத்தது. காலையில் குடித்த தே தாரேக், இனிப்பு நீர் வியாதி, வயது. பேச்சைச் சீக்கிரம் முடித்தார். முன்வாசல் கல்படியைத் தவிர்த்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். அந்தக் காலத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள் அந்தப் படியில் கால் வைப்பதில்லை. அதே தோட்டத்தில் வளர்ந்த கால்கள் அதைத் தாமாகவே நினைவு வைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அர்ச்சுனன் குச்சியோடு பின்னால் வந்தார்.

“போனை இறக்குலா அர்ச்சுனா. ஒண்ணுக்குப் போறதையுமா எடுப்ப?”

“முதுகுதானே தலைவரே தெரியும். நீங்க கேக்காமப் போறத எல்லாரும் பாக்கட்டும். நம்ம மன்றத்துலயே பாதிப் பேரு தோக்கு கீக்குன்னு கேட்டுட்டுத்தான் போறானுங்க. வெக்கக்கேடு.”

மகேந்திரன் அவர் முகத்தைப் பார்த்தார். தம்மைத்தான் குத்துகிறாரா என்று தெரியவில்லை.

“நான் யாரையும் கேக்கமாட்டேன்,” என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டு ரப்பர் மரத்தின் பக்கம் திரும்பினார்.

பாதியில் சில்வண்டுகள் நின்றன.

மழைக்கு முன்னால் பூச்சிகள் அடங்குவது இயற்கை என்று அவர் அறிவு சொன்னது. ஆனால் இலைகளும் அடங்கியிருந்தன. காற்று மரத்துக்கு மரம் நின்றுகொண்டே வந்தது. பிறகு அந்த வாடை. பால் பிடிக்கும் மங்கு கழுவாமல் விட்ட இடத்தில் ரப்பர் பால் புளித்து எழுகிற வாடை. அந்த மரங்களில் கத்தி பட்டு எவ்வளவோ காலம் ஆகிறது.

வீட்டுக்குள் பலகை முனகியது.

தோல் சப்பாத்து. அவசரமில்லாத நடை. முன்னறையிலிருந்து நடு அறை, நடு அறையிலிருந்து சமையற்கட்டு. பின்பக்க ஜன்னலுக்கு வந்து நின்றது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“ஆரைக் கேட்டனீர்?”

குரல் உயரவில்லை. உயர்த்தவேண்டிய தேவை இல்லாத குரல் அது. யாழ்ப்பாணத்துத் தமிழ். எப்போதோ செத்துப்போன, அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி ஸ்கந்தராஜா. அவர் வாசலைக் கடக்கும்போது மகேந்திரனின் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். வீட்டில் ஆள் இல்லாத நாள்களிலும் இறங்குவார்.

மகேந்திரனுக்குச் சிறுநீர் நின்றுபோனது.

“என்ன தலைவரே, முடிஞ்சிருச்சா? சத்தத்தையே காணோம்,” என்றார் அர்ச்சுனன்.

“உனக்கு ஒண்ணும் கேக்கல?”

“எனக்கா? என்ன, லாட்டரிக்கு நாலு நம்பர் எதாவது சொல்லிச்சா? சொன்னா சொல்லுங்க, எடுத்து வைப்போம்.”

வீடியோ அன்று மாலையே வெளியானது. நிறைய இதயங்கள் விழுந்தன. அதே நேரத்தில் மகேந்திரன் தம் வீட்டுக் கழிப்பறையில், குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் கையூன்றி நின்றுகொண்டிருந்தார். வயிறு கல்லாக இருந்தது. ஒரு சொட்டு வரவில்லை. “தோக்” என்று ஆரம்பித்துப் பார்த்தார். பயனில்லை. இது தோக்கின் இடம் இல்லை போலும்.

குழாயை மூடியதும் அந்தப் புளித்த வாடை வந்தது.

அவர் நாற்பது ஆண்டுகளாக எவரையும் அழைக்காத ஒரு சொல்லைத் தேடி எடுத்தார்.

“ஐயா… ஒண்ணுக்குப் போய்க்கிறேங்க ஐயா.”

ஓடு பதித்த தரையில் பலகை முனகியது.

“பொறும்.”

பொறுத்தார். நெற்றி வேர்த்தது. கதவுக்கு வெளியே மனைவி கலாதேவி தொலைக்காட்சித் தொடருக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“சரி. போம்.”

போனார். நிம்மதியில் கண் கலங்கியது. அதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருந்தது. மனசுக்குள் கேட்டால் செல்லாது. வாய்விட்டு, பணிவாக, ஐயா போட்டுக் கேட்க வேண்டும். கிராணி சிலநேரம் உடனே விட்டார், சிலநேரம் காக்க வைத்தார். காரணம் சொல்வதில்லை. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மனத்தை இலகுவாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

“பாத்ரூம்ல யார்கிட்டங்க பேசுறீங்க?” என்று கேட்டார் கலாதேவி.

“போன்ல.”

“போனு இங்க சார்ஜ்லல்ல இருக்கு.”

அன்று அவர் உடைந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். கலாதேவி வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவர். இவளாவது நம்புவாள் என்று நினைத்தார். பால்குடத்தைப் பற்றி அவர் இத்தனை காலம் அடித்த கிண்டலுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தயாராக இருந்தார்.

கலாதேவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“பேயா? அம்மன் இருக்கிற வீட்டுல பேய் எப்படிங்க வரும்? அதெல்லாம் மூடநம்பிக்கை. சக்கரையைச் சோதிச்சுப் பாருங்க.”

மூடநம்பிக்கை என்ற அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் அவர் கொண்டு வந்தது.

பிறகு ஒரு மத்தியானம், தொப்பியை நெற்றி வரை இழுத்துக்கொண்டு, பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனார். கோயிலைச் செம்பனையோரத்திலிருந்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து பளிங்கு பதித்திருந்தார்கள். பூசாரி பத்துமலை, காதில் புளூடூத் மாட்டி யாரிடமோ பந்தல் விலை பேசிக்கொண்டிருந்தார். மகேந்திரனைப் பார்த்ததும் இணைப்பைத் துண்டித்தார்.

“அடடே, மன்றத்துத் தலைவரு. சாமி இருக்குன்னு ஒத்துக்க வந்தீங்களாண்ணே?”

“இல்ல. சாமி இல்ல. பேய்தான் இருக்கு.”

பூசாரிக்கு இது புதிதாக இருந்தது. விவரம் கேட்டார். ஸ்கந்தராஜா என்ற பெயர் வந்ததும், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். அதைத் தாம் செய்தது அவருக்கே தெரியவில்லை.

“பெரிய கிராணி ஐயாவா?” என்று குரலைத் தாழ்த்தினார். “முனியாண்டிகிட்ட சொல்லலாம்தான். ஆனா பாருங்கண்ணே, அந்தக் காலத்துல திருவிழாவுக்கு நம்ம முனியாண்டியே கிராணி ஐயாகிட்ட பெர்மிட் வாங்கித்தான் ஊர்வலம் வருவாரு. ஒரு வருசம் ஐயா தூங்கிட்டாருன்னு தேரு வெயில்லயே நின்னுச்சு.”

“அப்ப யார்கிட்டதான் போறது?”

“கிராணி ஐயாவுக்கு மேலன்னா தொரைதான். வெள்ளக்காரன் ஊருக்குப் போயிட்டானே,” என்றார் பத்துமலை. கொஞ்சம் யோசித்து, “திருநீறு வேணும்னா எடுத்துக்குங்க. ஒண்ணும் கெடுதல் இல்ல,” என்றும் சொன்னார்.

மகேந்திரன் காருக்குள் போய் உட்கார்ந்தார். கடவுள் இல்லை என்று மேடையில் நிரூபித்துவிடலாம். அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. கிராணி இல்லை என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளையால் சொல்ல முடியும்?

மன்றத்தில் சொன்னால் தலைமை போகும், பெயர் போகும். சொல்லாவிட்டால் இப்படியே கதவைத் தாழிட்டுக்கொண்டு ஐயா ஐயா என்று சாகும்வரை நிற்க வேண்டும். நம்புகிறவர்களுக்குக் கும்பிட ஒரு சாமி இருக்கிறது. நம்பாதவர்களுக்கு நிம்மதி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, நட்ட நடுவே, அவர் மட்டும் இருந்தார்.

ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபம் நிறைந்திருந்தது, வீடியோவின் புகழ். தலைவர் உரைக்குப் பிறகு தேர்தல். மகேந்திரன் முன்னெச்சரிக்கையாகச் சீக்கிரமே வந்து, மண்டபத்துக் கழிப்பறையின் கடைசி அறைக்குள் புகுந்து தாழிட்டார்.

“ஐயா, ஒண்ணுக்குப் போய்க்கிறேங்க.”

வாடை வந்தது.

“பொறும்.”

பொறுத்தார். வெளியே நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள்.

“ஐயா, கூட்டம் ஆரம்பிக்கப் போறாங்க. தயவு பண்ணுங்க.”

கதவுக்கு அந்தப் பக்கம் சப்பாத்து மட்டும் அங்குமிங்கும் நடந்தது. கதவின் கீழ் இடைவெளியில் எட்டிப் பார்த்தார்.

அங்கே கால்கள் இல்லை.

சப்பாத்துச் சத்தம் நின்றது. பிறகு கதவு தட்டப்பட்டது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“தலைவரே,” என்றது அர்ச்சுனனின் குரல். “எல்லாரும் வந்தாச்சு. உள்ள யாருகூட பேசிட்டு இருக்கீங்க?”

“உரையைச் சொல்லிப் பாக்குறேன்.”

“உடம்பு முடியலன்னா சொல்லுங்க. நான் பேசிக்கிறேன் லா.”

அந்தக் கனிவுதான் அவரைக் கதவைத் திறக்க வைத்தது.

மேடை ஏறும்போது ஒவ்வொரு படியும் அடிவயிற்றில் குத்தியது. பதாகைக்குக் கீழே நின்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் கலாதேவி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கணவருக்காகக் கைதட்டினார். அர்ச்சுனன் கைப்பேசிக் குச்சியை நீட்டி நேரலையைத் தொடங்கினார்.

“தோழர்களே. கடவுளை மறுத்தவனுக்குப் பேய் இல்லை, இருள் இல்லை, அச்சம் இல்லை.”

கைதட்டல்.

முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என்ன வாடை இது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“இந்த அண்டத்தில் அவன் யாரிடமும்…”

மகேந்திரன் நிறுத்தினார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஒலிபெருக்கிகள் நான்கிலும் ஒரே நேரத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

தலைவருக்குச் சளி போலிருக்கிறது என்று கூட்டம் காத்திருந்தது. மறுபடி கைதட்ட எடுத்த கலாதேவியின் கைகள் மட்டும் பாதியில் நின்றன. அவர் பார்வை கணவரின் மூடிய வாயில் இருந்தது.

“சரி,” என்றது அந்தக் குரல், அவர் காதோரமாக, அவசரமில்லாமல். “இப்ப போம்.”

மகேந்திரன் அன்று வெளிர்சாம்பல் நிறக் காற்சட்டை அணிந்திருந்தார்.