நான்கு பச்சைக்குத் திறக்கும் கதவு

தூத்துக்குடிக்கு அப்பால் கடல்மேல் மிதக்கும் புதுநகரத்தில், சனிக்கிழமை சாயங்காலம் பாதித் தம்பதிகள் சினிமாவுக்குப் போவார்கள், மீதிப் பேர் ஒரு ராத்திரிக்கு ஜோடி மாற்றிக்கொள்ளும் இணைமாற்று இல்லத்துக்கு. இரண்டு இடத்திலும் சுண்டல் நன்றாக இருக்கும். டைல்ஸ் வியாபாரி வேலுச்சாமி தம் மனைவி செண்பகவல்லியோடு இரண்டாவது இடத்துக்கு முதல்முறையாக வந்திருந்தார். எதிர் சோபாவில் படகு மெக்கானிக் சேவியரும் அவர் மனைவி ரெஜினாவும்.

நால்வர் மணிக்கட்டிலும் சம்மதமானி. நரம்பைப் படிக்கும் மீட்டர் அது. மனசு ஒப்பினால் பச்சை, ஒப்பாவிட்டால் சிவப்பு. நான்கும் பச்சையானால்தான் உள்கதவு திறக்கும். வாயால் சொல்லும் 'சரி'க்குச் சட்டத்தில் மதிப்புப் போய் முப்பது வருஷமாகிறது.

"என்ன அண்ணாச்சி, உங்களது மட்டும் அரைமணி நேரமா சிவப்பாவே நிக்கி?" என்றார் சேவியர்.

"மிஷின் கோளாறு தம்பி."

"மூணு மிஷின் மாத்தியாச்சு," என்றாள் ரெஜினா.

ஆறு மாதம் நச்சரித்து மனைவியை இங்கே அழைத்து வந்தவரே வேலுச்சாமிதான். ஆனால் வந்து உட்கார்ந்ததும் அவள் கை பளிச்சென்று பச்சையானதைப் பார்த்ததிலிருந்து அவர் சுண்டலைத் தொடவில்லை. மீட்டரைத் தட்டினார், ஊதினார், "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்று கெஞ்சினார். அவருடைய பேச்சுக்கு மசியாத ஒன்றை அவர் அன்றுதான் பார்த்தார்.

"மனசுல இருக்கறதைச் சொல்லித் தொலைங்க," என்றாள் செண்பகவல்லி.

"உனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சுன்னா? அப்புறம் வீட்டுல என் மூஞ்சியைப் பாத்தா எப்படிட்டி இருக்கும்? அந்தப் பயம்தான்." மீட்டரிலிருந்து கையை எடுத்தார். "பரவால்ல. பயந்துக்கிட்டே வாரேன். உனக்கு ஆசை இருக்குல்லா."

அவர் கை பச்சையானது. உள்கதவு ஒரு சாண் திறந்து, படக்கென்று மூடிக்கொண்டது. இப்போது செண்பகவல்லியின் கை சிவப்பு.

"இப்ப உனக்கு என்ன வந்துச்சு?"

"பதினாறு வருஷத்துல இன்னிக்குத்தான் எங்கிட்ட வியாபாரம் பேசாம பேசிருக்கீங்க. இன்னிக்கு எனக்கு நீங்க போதும். எந்திரிங்க."

வெட்கத்தோடு கும்பிட்டுவிட்டு வேலுச்சாமி வாசலில் செருப்பை மாட்டும்போது, பின்னால் ரெஜினா தன் கணவனிடம் கேட்பது காதில் விழுந்தது.

"ஏங்க, என்னை நெனச்சு நீங்க ஒருநாளாவது இப்படிப் பயந்திருக்கீங்களா?"

"நானா? சேச்சே, ஒருநாளும் கெடையாது!" என்றார் சேவியர், பெருமையாக.

வேலுச்சாமி திரும்பிப் பார்த்தார். சேவியரின் கை பச்சையாகவே இருந்தது. ரெஜினாவினுடையது சிவந்துகொண்டிருந்தது.