இரண்டு மணிக்கொரு தரம்

மூன்றாவது இலையிலும் புள்ளி அதே இடத்தில்தான் வந்திருந்தது.

ராசாத்தி ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். பெர்ன் செடிகளில் இது அகல இலை ரகம். ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம், எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிற இலை. அதன் அடிப்பகுதியில், நடு நரம்பை ஒட்டி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பு. சுற்றிலும் மஞ்சள் வளையம். முதல் இலையில் வந்தபோது வெட்டிப் போட்டாள். இரண்டாவதையும் வெட்டினாள். காய்ந்து முறுகுகிற புள்ளியாக இருந்தால் வெயில் என்று விட்டுவிடலாம். இது காயவில்லை. விரலை வைத்தால் அமுங்கியது. அமுங்கிய இடம் மேலே எழும்பி வரவில்லை. நுனிவிரலில் ஈரம் ஒட்டியது, அதில் ஒரு வாடை. அவளுக்குத் தெரிந்த வாடைதான். சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு சம்ரீன் வந்துவிடுவாள்.

பாலக்கரையில் மூன்றாம் மாடி வீடு. சம்ரீனின் அம்மா ஷரபுன்னிசா பதினாலு மாதம் இந்த அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்து இன்றோடு முப்பத்தொன்பது நாள். இரவும் பகலும் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் ராசாத்தி. துறையூர்ப் பக்கத்துக்காரி. இருபது வருஷம் சித்தாளாகச் செங்கலும் கலவையும் சுமந்து முட்டி தேய்ந்த பிறகு, ஏஜென்சி ஒன்றின் மூலம் நோயாளி பார்க்கும் வேலைக்கு வந்தவள். சம்ரீன் ஷார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. திரும்பிப் போகும்போது சாவியை இவள் கையில்தான் கொடுத்தாள்.

"நீங்க இங்கயே இருங்கக்கா. அம்மாவோட பெர்ன மட்டும் பாத்துக்கங்க. அது போச்சுன்னா எனக்கு அம்மா ரெண்டாந்தரம் போன மாதிரி."

ராசாத்திக்குத் தலைசாய்க்க வேறு இடம் கிடையாது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வருகிறவள் முதலில் இந்தச் செடியைத்தான் பார்ப்பாள்.

புள்ளி விழுந்த இலையை வெட்டிக் கேரி பேக்கில் போட்டுக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறினாள். ஸ்ரீரங்கம் போகும் வழியில், மாம்பழச் சாலைப் பக்கம் ரெஜிஸ் என்பவன் நர்சரி வைத்திருந்தான். இலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"என்னக்கா ஊத்துனீங்க? டீத்தூளா, முட்டை ஓடா? யூடியூப் பாத்துட்டு எதையாச்சும் ஊத்திப்புட்டு, அப்பறம் எங்கிட்ட வந்து அழுவீங்க."

"தண்ணிதான் தம்பி."

"எங்க ஊத்துனீங்க? நடுக் குருத்துலயா?"

"ஆமா. கிண்ணம் மாதிரி இருந்துச்சு."

"எல்லாரும் அப்பிடித்தான் ஏமாறுறாங்க. நடுவுல தேங்குச்சுன்னா குருத்து அழுகிரும். ஓரமா மண்ணுல ஊத்துங்க. மேல்மண்ணு காஞ்ச பெறகு ஊத்துங்க. இலை நனையக் கூடாது. ரூம்ல காத்து ஓடணும், பூட்டி வைக்காதீங்க. புள்ளி விழுந்ததை அடியோட வெட்டிருங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்ல தொடைங்க." இலையைப் புரட்டினான். அடிப்பக்கம் சீப்பால் இழுத்ததுபோல் பழுப்புக் கோடுகள், வரிசை வரிசையாக. "இதப் பாத்து பயந்துராதீங்க. இது நோய் இல்ல, அதோட வித்து. கொழகொழன்னு இருக்கு பாருங்க, இதுதான் ஆள முழுங்கும்."

"பொழைக்குமா?"

"தொட்டிய ஒரே பக்கமா வச்சிருந்தீங்களோ? வாரத்துக்கு ஒருக்கா திருப்பி விட்டீங்களா?"

"திருப்பினேன்."

யோசிக்கவே இல்லை. பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ரெஜிஸ் இலையை மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டென்று விலக்கினான். "என்னக்கா இது, சூட வாடை அடிக்குது?"

திரும்பும் பஸ்ஸில் காவிரிப் பாலத்துக் காற்று முகத்தில் அடித்தபோதும் அந்த வாடை பைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. ஷரபுன்னிசாவின் மையத்தை, உயிர் போன உடம்பை, குளிப்பாட்டிய அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழேயிருந்து வாளி வாளியாக மாடிக்குச் சுமந்தது ராசாத்திதான். கடைசி வாளியில் சூடம் கரைத்தார்கள். பாதிக்குமேல் மிஞ்சிவிட்டது. கொட்டிவிடச் சொன்னார்கள். கட்டடச் சாரத்தில் தண்ணீர் சுமந்தவளுக்குக் கொட்ட மனம் வராது. ஒரு குடம் சிந்தினால் மேஸ்திரி தலைமுறையையே இழுத்துத் திட்டுவான். வாளியை அறைக்குள் தூக்கிப் போய்ச் செடியின் நடுவில் ஊற்றினாள்.

அதற்கு முன், குளிப்பாட்டும் இடத்து வாசலுக்கு வாளி கொண்டுபோனபோது, குளிப்பாட்ட வந்த பெண்களில் மூத்தவர் துணியை விலக்கி, வால் எலும்புக்கு மேலே இருந்த புண்ணைப் பார்த்தார். பிறகு ராசாத்தியைப் பார்த்தார். துணியை மூடினார்.

"மையத்துல பாத்தத நாங்க வெளிய சொல்ல மாட்டோம்மா. சொல்லக் கூடாது."

யாரும் சொல்லவில்லை. டாக்டர் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். அது எந்த வழியாக ஏறியது என்று சம்ரீன் கேட்கவில்லை. அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்த கணக்கு, தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் சார்ட்டாக வந்துகொண்டிருந்ததே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். இடது, வலது, மல்லாக்க. ஒவ்வொரு கட்டத்திலும் டிக். இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒரே ஆள். ஐந்து நிமிஷம் கண்ணை மூடுவோம் என்று படுத்தால் விடிந்துவிடும். விடிந்ததும் நீலப் பேனாவை எடுத்து ராத்திரிக் கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்புவாள். கடைசி மாதங்களில் ராத்திரியே நிரப்பிவைத்துவிட்டுப் படுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்றரை. புண் துடைக்க வாங்கிய ஸ்பிரிட் பாட்டில் அலமாரியில் இன்னும் இருந்தது. பிளேடைத் துடைத்தாள். நாலாவது இலையிலும் அதே இடத்தில் தொடங்கியிருந்தது. வெட்டினாள். தொட்டியை இரு கையாலும் பிடித்து நகர்த்தினாள். அது இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் படுத்து எழுந்த மெத்தைபோல.

துடைத்தாள். தொட்டியைத் திருப்பி வைத்தாள். இனி மிச்சம் ஒரே வேலைதான். கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் அந்தச் சார்ட். இறந்த நாளோடு டிக் நின்று, அதற்குக் கீழே வெற்றுக் கட்டங்கள். சம்ரீன் நேரில் பார்த்து எதையாவது கேட்பதற்கு முன் கிழித்துப் போட வேண்டும். முட்டி இரண்டும் நெருப்பாக எரிந்தன. கட்டிலில் ஏர் பெட் காற்றிறங்கிக் கிடந்தது. மோட்டார் வயர் பிடுங்கிச் சுருட்டித் தரையில்.

ஐந்து நிமிஷம்.

மல்லாக்கப் படுத்தாள். பள்ளிவாசலில் மதிய லுஹர் பாங்கு கேட்டது.

கண் திறந்தபோது இடது பக்கமாகப் படுத்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகியிருந்தது. முட்டிகளுக்கு நடுவே இன்னொன்று. ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, சுருக்கமில்லாமல். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு. எழுந்திருக்கப் பார்த்தாள். கை வரவில்லை. கால் வரவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு மட்டும் அசைந்தது. உடம்புக்கு அடியில் ஏர் பெட் மெதுவாக உப்பி இறங்கியது. மோட்டார் முனகும் சத்தம். வயர் தரையில்தான் சுருண்டு கிடந்தது. அது அவள் கண்ணுக்கு எதிரேயே இருந்தது.

மணி நாலு.

தோளில் ஒரு கை. இடுப்பில் ஒரு கை. ஈரமான, சில்லிட்ட உள்ளங்கைகள். சூடத்தின் வாடை. முரட்டுத்தனம் கொஞ்சமும் இல்லை. பச்சைக் குழந்தையைப் புரட்டுவதுபோல வலது பக்கம் புரட்டின. தலையணை மாறியது. சேலைச் சுருக்கத்தை நீவிவிட்டன.

இந்தப் பக்கம் செடி. திருப்பி வைத்த தொட்டி பழைய வாகிலேயே நின்றது. இலைகள் எல்லாம் கட்டில் பக்கம் சாய்ந்திருந்தன. ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை.

மக்ரிப் பாங்கு. ஆறு இருக்கும். கைகள் வந்தன. மல்லாக்கப் படுக்கவைத்தன. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டன.

போய்விட்டன.

இருட்டியது. கூடத்து விளக்கு தானாகவா எரிந்தது, யார் போட்டார்கள், தெரியவில்லை. கதவிடுக்கில் வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டைபோல் விழுந்தது. மேஜையில் போன் அதிர்ந்தது. சம்ரீன்தான். ஏர்போர்ட் கிளம்புகிற நேரம். அதிர்ந்தது. நின்றது.

எட்டு மணி.

கை வரவில்லை.

எட்டேகால். மோட்டார் முனகல் நின்றது. காற்று இறங்கியது. உடம்பு மெல்ல மெல்லக் கீழே போய்ப் பலகையில் தட்டியது. வால் எலும்பு. அங்கே ஒரு சூடு. ஒரு ரூபாய்க் காசு அளவுதான். பிறகு அரிப்பு. பிறகு ஈரம்.

வாங்கம்மா, என்று நினைத்தாள். ஒரே ஒரு தரம். திருப்பி விடுங்கம்மா.

வெளிச்சப் பட்டை சார்ட்டின்மேல் இருந்தது. காலையில் வெற்றாகக் கிடந்த வரிசையில் இன்றைய தேதி. இரண்டு, இடது, டிக். நாலு, வலது, டிக். ஆறு, மல்லாக்க, டிக்.

எட்டு, டிக்.

பத்துக்கும் இருந்தது. பன்னிரண்டுக்கும். அடுத்த வரிசையில் நாளைய தேதி. இரண்டு, நாலு, ஆறு, எட்டு, காலை பத்து வரைக்கும் ஒரு கட்டம்கூட விடாமல், ஒரே நீல மையில், ஒரே மூச்சில் போட்ட டிக்.