களத்துக் கல்

காலையில்தான் கூட்டியிருந்தார்கள், ஆனாலும் துரை வீட்டு நடு மண்டபத்தில் வைக்கோல் கிடந்தது. அதுவும் பழைய வைக்கோல் அல்ல, இப்போதுதான் எருமை விட்டுச் சூடு மிதித்து, நெல்லைப் பிரித்துத் தள்ளியது போல ஈரமும் பச்சை வாடையும் மாறாத வைக்கோல்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒல்லாந்தர் கட்டிய அந்தக் கல்வீட்டை, வேட்டைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவர் வாங்கி, மான்கொம்பும் புலித்தோலும் பழைய வாளும் ஈட்டியுமாக நிறைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார். சுண்ணாம்பும் வௌவால் புழுக்கையும் மணக்கவேண்டிய இடத்தில் எருமை மணப்பதைச் சீதேவி வாசலிலேயே கண்டுகொண்டாள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்காரிக்கு அந்த வாடை தப்புமா?

அவளும் புருஷனும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல. அவர்களுடைய வயல் வட்டையில், நெல் மிதிக்கும் களத்தின் நடுவில், முப்பாட்டன் காலத்தில் புதைத்த காவல் கல் ஒன்று இருந்தது. போன வருஷம் துரை அதைத் தோண்டிக் கொண்டுவந்து இந்த மண்டபத்தின் நடுவில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து வயலில் விளைவதெல்லாம் பதர். இன்னொரு போகமும் இப்படிப் போனால் வட்டையை விட்டு எழும்பவேண்டியதுதான். ஆகவே கல்லை எப்படியும் தூக்கிக்கொண்டு போவதென்று புருஷன் முடிவு கட்டியிருந்தான்.

அவன் பெயரை நாமும் இப்போது சொல்லவேண்டாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து சீதேவி அதை வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரை எந்தப் பெண்தான் சொல்வாள்! களத்தில் நிற்கிறவன் பெயரையோ ஆண்களே சொல்லமாட்டார்கள். களத்தைச் சுற்றி நிற்கும் பூதம் பெயரைக் கேட்டுவிட்டால், ஆளையும் நெல்லோடு சேர்த்துத் தன் பங்கென்று எடுத்துக்கொள்ளும் என்று அந்தப் பக்கத்தில் அவ்வளவு பயம்.

"தம்பி, கல்லுக்குக் கிட்டப் போயிராதீங்க" என்றார் காவல்காரர் உசனார். காத்தான்குடிக்காரர், பொய் பேசாத முகம். "நான் கூட்டக் கூட்ட வைக்கோல் வருது. துரைக்கிட்டச் சொன்னா சிரிக்கிறார். லுஹர் தொழுதிட்டு வாறன், இதிலயே நில்லுங்க."

அவர் தலை மறைந்ததும் புருஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

"எனக்குப் பயமாக் கிடக்கு. வாங்க, போவம்."

"நம்மட கல்லு புள்ள. நம்மள என்ன செய்யும்?"

உள்ளே போய்விட்டான். வெளியே உச்சி வெயிலில் வாவி அசையாமல் கிடந்தது. உள்ளே, மூடிய மரச் சன்னல்களின் இடுக்கால் வந்த வெளிச்சத்தில் தூசு மெல்லச் சுழன்றது. அந்தத் தூசுக்குள்ளிருந்து, எங்கோ தூரத்தில் கேட்பது போல, குளம்புகள் வைக்கோலை மிதிக்கும் சத்தம் எழும்பியது. தன் வயலில் விளையாத நெல்லெல்லாம் இங்கேதான் மிதிபடுகிறது என்று சீதேவிக்கு அப்போது விளங்கியது.

புருஷன் கல்லைத் தூக்கினான். தூக்கியவன் நிமிரவில்லை. குனிந்தபடியே நடந்தான். சுற்றி வந்தான். பிணைத்த எருமையைப் போல மறுபடி சுற்றி வந்தான். அவன் காலுக்குப் பின்னால் வைக்கோல் குளம்பு குளம்பாக அமுங்கியது. மிதித்த மாடு எதுவும் கண்ணில் படவில்லை.

"இஞ்சேருங்க! கல்லப் போடுங்க!"

மூக்கால் இரத்தம் வழிந்தது. கண் திறந்திருந்தது. அவளைத் தெரியவில்லை.

"இஞ்சேருங்க!"

ஊரில் எல்லாப் பெண்களும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவனுக்கு எட்டவில்லை. வட்டம் குறுகியது. குளம்புகள் நெருங்கின. பயத்தில் அவளுக்கு எல்லாம் மறந்தது, கல் இருக்கும் இடமே களம் என்பதும் மறந்தது.

"விநாயகமூர்த்தி!"

அவன் நின்றான். கல் கீழே விழுந்தது. திரும்பி அவளைப் பார்த்தான், அவளைத் தெரிந்தது. தன் பெயரை அவள் வாயில் கேட்ட வெட்கத்தில் லேசாகச் சிரிக்கவும் செய்தான்.

குளம்புகளும் நின்றன.

வைக்கோலுக்குள்ளிருந்து கனத்த குரல் ஒன்று, நிதானமாக, அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது.

அவன் கால் இரண்டும் ஒரே நேரத்தில் முறிந்தன. விழுந்தான். "சீதே" என்றான். முழுதாகச் சொல்லவில்லை. மார்பு அமுங்கியது. முகம் அமுங்கியது. சுற்று. மறு சுற்று. கை எழும்பியது. அதையும் குளம்புகள் மிதித்தன. எலும்பு நொறுங்கியது. வைக்கோல் சிவந்தது. "பொலி... பொலி..." என்று களத்துப் பாட்டு. நாலு பக்கமும். அவள் கத்தினாள்.

பிறகு மிதிப்பு ஓய்ந்தது.

வைக்கோலை யாரோ உதறி ஒதுக்கினார்கள். நெல் தூற்றும் சுளகு ஒன்று தானாக எழும்பி ஆள் உயரத்தில் நின்றது. மூடிய மண்டபத்துக்குள் காற்று வீசியது. சுளகு சாய்ந்தது. மயிர் காற்றோடு ஒரு பக்கம் பறந்தது. பற்கள் மணிமணியாகத் தரையில் விழுந்து குவிந்தன.

சுளகு மறுபடியும் நிறைந்தது.