தொடாமல் பார்த்த எண்

தெருமுனைப் பலகையில் அன்றும் பச்சை எழுத்தில் "நலம்" என்றே ஒளிர்ந்தது. எண் எதுவும் இல்லை. கரிசல்மேட்டின் தலைக்கு மேல் வான்மின்வலை மிதக்கத் தொடங்கிய பதினோரு மாதங்களாக அந்தப் பலகை சொன்னது அந்த ஒரே சொல்லைத்தான்.

"கடுதாசி எழுதுறவன் எல்லாம் 'இவ்விடம் அனைவரும் நலம்'னுதான் ஆரம்பிப்பான். நாலாவது வரியிலதான் ஆஸ்பத்திரி வரும்" என்றாள் சுடலைவடிவு.

அவள் பட்டாசு ஆலையில் போர்மேன். வெடிமருந்து கலக்கும் அறைக்குப் பொறுப்பு அவள்தான். அந்த அறையில் அலுமினியத் தூளைச் சலிப்பவள் அவளுடைய தங்கை தெய்வானை. பத்து நாளைக்கு முன் தெய்வானை ஒரு வாளியின் கைப்பிடியை எடுக்கப் போனாள். பிடிக்கும் முன்பே நீலமாக ஒரு பொறி அவள் விரலுக்குத் தாவியது. நல்லவேளை, வாளியில் இருந்தது தண்ணீர். அது மருந்து வாளியாக இருந்திருந்தால் அள்ளுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வலை நல்ல வலைதான். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். நானூறு பலூன்கள் தூக்கிப் பிடித்த அந்தக் கம்பிப் பின்னல் காற்றில் இருக்கும் மின்னூட்டத்தை உறிஞ்சி ஊருக்கே இலவசமாகக் கொடுத்தது. கரண்ட் போவது என்றால் என்ன என்பதையே ஊர் மறந்துவிட்டது. ஆனால் வலையின் அழுத்தம் மூன்று லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் அது கீழே கசியும். கசிந்தால் வாளிக்கும் விரலுக்கும் இடையில் பொறி பறக்கும். அளக்கும் கருவி, வலையை நடத்தும் கம்பெனியின் பூட்டிய அறைக்குள் இருந்தது. கேட்டால் "நலம்" என்றார்கள்.

பொறி பறந்த நாளிலிருந்து மூடிக் கிடந்த மருந்து அறையை இன்று திறந்தாக வேண்டும் என்று ஆலை முதலாளி சொல்லிவிட்டார். எண் தெரியாமல் தங்கையை உள்ளே அனுப்ப சுடலைவடிவுக்கு மனம் வரவில்லை. அதனால் அவளே ஒரு கருவி செய்தாள். அதற்கு விலகுமானி என்று பெயரும் வைத்தாள்.

அலுமினியப் பெயின்ட் அடித்த இரண்டு பிங்பாங் பந்துகள். அவற்றை ஒட்டினாற்போல் தொங்கவிட இரண்டு மெல்லிய கம்பியிழைகள். இழைகள் சேரும் இடத்தில் ஒரு பித்தளைக் குமிழ். அதிலிருந்து மூங்கில் உச்சிவரை ஒரு கம்பி. எல்லாவற்றையும் தாங்க பிளாஸ்டிக் குழாய். காற்றின் மின்னூட்டம் கம்பி வழியாக இறங்கினால் பந்துகள் ஒன்றையொன்று தள்ளி விலகும். எவ்வளவு விலகின என்று பார்க்கப் பின்னால் பள்ளிக்கூடக் கோணமானி. பழைய குண்டு டிவியின் இருபத்தைந்தாயிரம் வோல்ட்டைக் கொடுத்துச் சரிபார்த்து, எத்தனை டிகிரிக்கு வலையில் எத்தனை வோல்ட் என்று ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தாள்.

காலை எட்டு மணிக்கு அறை வாசலில் அதை நட்டாள். முப்பத்திரண்டு பெண்கள் சுற்றி நின்றார்கள். சுடலைவடிவு குமிழைத் தொட்டாள். 'டிக்' என்றது. குனிந்து பார்த்தாள். பந்துகள் ஒட்டிக்கொண்டு தொங்கின.

"பூச்சியம்" என்றாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. "எல்லாரும் வந்து பாருங்க."

ஒவ்வொருத்தியாக வந்தார்கள், தொட்டார்கள், குனிந்தார்கள். பூச்சியம். பூச்சியம். மறுபடியும் பூச்சியம்.

"நான்தான் சொன்னேன்லக்கா, வலையில ஒண்ணுமில்ல. அன்னைக்கு என் நேரம் சரியில்ல" என்று தெய்வானை சிரித்துக்கொண்டே சல்லடையை எடுத்தாள்.

அப்போதுதான் கம்பெனி ஜீப் வந்தது. பொறியாளர் ஆல்வின் கனகராஜ், நாகர்கோவில்காரர், இறங்கும்போதே கோபமாக இருந்தார். "யாரைக் கேட்டு அளக்குறீங்க? இந்த விளையாட்டுச் சாமானுக்கு என்ன தெரியும்?" என்றபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கருவி முன் குனிந்தார்.

அவர் முகம் மாறியது. "இது... முப்பத்தெட்டு டிகிரி காட்டுதே?"

"பூச்சியம் சார். இப்பதான் பார்த்தோம்" என்று சுடலைவடிவு நெருங்கினாள். பந்துகள் விரிந்து நின்றன. நன்றாகப் பார்ப்பதற்காகக் குமிழைத் தொட்டுக் குனிந்தாள். 'டிக்.' பந்துகள் விழுந்து ஒட்டிக்கொண்டன.

இருவரும் அவள் விரலைப் பார்த்தார்கள்.

பட்டாசு ஆலையில் எந்த அறைக்குள் நுழைந்தாலும், வெறுங்காலோடு, வாசலில் இருக்கும் செப்புத் தட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் இருக்கும் மின்னூட்டம் மண்ணுக்குப் போய்விடும். இருபது வருடப் பழக்கம். உலோகத்தைக் கண்டால் கை தானாகப் போகும். 'டிக்' என்றால் போனது தன் உடம்பில் இருந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போனது பந்துகளில் இருந்தது. அது மறுபடி ஏற அரை நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்தவள் தொட்டுவிடுவாள்.

"தெய்வான! சல்லடையைக் கீழ வை! எல்லாரும் வெளிய போங்க!" சுடலைவடிவு போட்ட சத்தத்தில் ஜீப் டிரைவர்கூட ஓடினார்.

முப்பத்தெட்டு டிகிரிக்கு அட்டையில் நாலு லட்சத்து எண்பதாயிரம் வோல்ட் என்று எழுதியிருந்தது. ஆல்வின் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். "பாண்டிச்செல்வன், மீட்டர் எவ்வளவு காட்டுது?"

"நலம் சார். முள்ளு பூச்சியத்துக்குப் பக்கத்துலயே நிக்குது."

"எப்படிப் பார்த்தீங்க?"

"எப்பவும் போலத்தான். மீட்டர் மேல இருக்குற குமிழைத் தொட்டுட்டுப் பார்த்தேன்."

"வேலைக்கு வர்றதுக்கு முந்தி எங்க இருந்தீங்க?"

"பட்டாசு ஆலையில சார். திரி முறுக்குனேன். ஏன் சார்?"

"கையைப் பின்னால கட்டுங்க. அரை நிமிஷம் கழிச்சுப் பாருங்க."

அரை நிமிடம் கழித்து, "ஐயோ சார், முள்ளு சிவப்பைத் தாண்டி நிக்குது!"

கட்டுப்பாட்டு அறையில் வலையை மண்ணோடு இணைத்தார்கள். ஆலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் முப்பத்திரண்டு பெண்களும் ஒரு பொறியாளரும், எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூரத்தில் இருந்த அந்த இரண்டு பந்துகளையே பார்த்தார்கள். பந்துகள் மெல்ல நெருங்கின. நெருங்கின. ஒட்டிக்கொண்டன. யாரும் தொடவில்லை.

தெய்வானை அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சுடலைவடிவு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு நிம்மதியை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

இப்போது வலை தாழ்வாக மிதக்கிறது; உயரம் குறைந்தால் அழுத்தமும் குறையும். கரிசல்மேட்டில் வீட்டுக்கு வீடு விலகுமானி தொங்குகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவரைக் கண்டால், அவர் எண் பார்க்கிறார் என்று பொருள். தெருமுனைப் பலகையில் கம்பெனி கூடுதலாக நாலு சொற்கள் சேர்த்திருக்கிறது: "இவ்விடம் நலம். அவ்விடம் நலமறிய அவா." தினமும் காலையில் ஆல்வினுக்கு எண்ணைப் போனில் சொல்வது சுடலைவடிவுதான்.

ஒரு நாள் அவள் அப்படி எண்ணைச் சொல்லிவிட்டு, கட்டிய கையைப் பிரிக்காமலே மருந்து அறைக்குள் நுழையப் போனாள். தெய்வானை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தட்டு!"

சுடலைவடிவு திடுக்கிட்டுக் கையைப் பிரித்தாள். செப்புத் தட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

'டிக்' என்றது. இரண்டு பேருக்கும் கேட்டது.