கழுத்தோடு தைத்தது

ஃபெராரா நகருக்கு வெளியே, போ என்னும் ஆற்றின் கரையில் இருந்த அந்தப் பழைய மாளிகைக்கு அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். மூடுபனியில் வாசல் மரங்கள்கூடத் தெரியவில்லை. வீட்டுக்காரி க்ளேலியா கதவைத் திறந்ததும், ஈரச் சுவரின் வாடையும் எங்கோ பூண்டு வதங்கும் வாசனையும் ஒன்றாக வந்தன.

மே மாதப் பழங்கால உடை ஊர்வலத்தில் நான் இளவரசியாக நடக்க வேண்டும். அதற்காக, அந்த வீட்டு மாடியறையில் தொங்கிய, ஒரு இளவரசியின் ஐந்நூறு வருடத்து ஓவியத்தைப் புகைப்படத்தில் பார்த்து அம்மா ஒரு கழுத்துத் துணி தைத்தாள். தோளையும் மார்பின் மேற்பகுதியையும் மூடும் மெல்லிய வெள்ளை லினன். அதன்மேல் தங்க நூலில் பின்னிய வலை. முடிச்சுக்கு ஒரு முத்து. குளிர்காலம் முழுக்கக் கைத்தையல். கடைசி விளிம்பை மட்டும் ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்து முடிக்க வந்திருந்தோம்.

"இதை எங்க மூடறாங்கன்னே தெரியலையே. கொக்கியும் இல்ல, நாடாவும் இல்ல," என்றாள் அம்மா.

க்ளேலியா ஓவியத்தைப் பார்க்காமலே பேசினாள். "கொக்கி எதுக்கு? கல்யாணத்தன்னிக்குக் காலையில அவ கழுத்துலயே வெச்சுத் தைச்சுட்டாங்களாம். ராத்திரி பிரிச்சுவிட ஆள் வரல."

"ஏன்?"

"யாரும் உள்ள போகக் கூடாதுன்னு புருஷன் சொல்லிட்டானாம். விடிஞ்சப்போ அவளுக்கு மூச்சு இல்ல."

அம்மா சிரித்து மழுப்பினாள். "என் பொண்ணுக்குக் கொக்கி உண்டுங்க. இவ பொழுதன்னைக்கும் தின்னுட்டே இருப்பா, கழுத்து பெருத்துடும்."

பின்பக்கம் கொக்கி வைத்துத் தைத்து எனக்கு மாட்டிவிட்டாள். துணி சில்லென்று இருந்தது, ஈரக் கை பட்டதுபோல.

"போதும்மா, இறுக்குது. எடுத்துடு."

அம்மாவின் விரல்கள் என் பின்கழுத்தில் தேடின. மறுபடி தேடின.

"ஃபியம்மா..." என்று என்னைக் கூப்பிட்டாள். "கொக்கியக் காணோம்டி."

விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்திருந்தது. அது அம்மாவின் தையல் அல்ல. அதைவிட நுணுக்கமானது.

எனக்கு மூச்சு முட்டியது. அம்மா கத்தரியை உள்ளே நுழைத்து வெட்டினாள். துணி கிழிந்தது. பின்னாலேயே இன்னொரு சத்தம்.

நூல் துணிக்குள் இழுபடும் சத்தம்.

வெட்டிய இடமெல்லாம் மூடிக்கொண்டே வந்தது. அம்மா நகத்தால் கிழித்தாள், பல்லால் கடித்தாள். க்ளேலியா முழங்காலில் விழுந்து மாதாவைக் கூப்பிட்டாள். எனக்குக் கண் இருட்டியது.

அப்போதுதான் அம்மா ஓவியத்தின் பக்கம் திரும்பிக் கதறினாள்.

"உன்னைப் பிரிக்கத்தானே ஆள் வரல? நான் வரேன். நான் பிரிக்கறேன். எம்பொண்ண விட்டுடு!"

அறைக்குள் யாரோ நீளமாக மூச்சை உள்ளிழுத்தார்கள்.

நான் இல்லை. எனக்கு அப்போது மூச்சே இல்லை.

துணி தளர்ந்து தரையில் விழுந்தது.

அன்றே அதை அடுப்பில் போட்டு எரித்தோம். மறுநாள் அம்மாவின் பின்கழுத்தில், அவள் கை எட்டாத இடத்தில், வெள்ளை நூலில் ஒரு சின்னத் தையல் இருந்தது. தோலிலேயே. டாக்டர் பிரித்தெடுத்தார், காயமில்லை, ரத்தமில்லை. அடுத்த நாள் மறுபடி வந்தது. ஊர் மாறினோம். நிற்கவில்லை. தினமும் காலையில் நான்தான் பிரிக்கிறேன்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்கல. ஒரு நாளும் விட்டுடாதடி."

நேற்று எனக்குக் காய்ச்சல். தாமதமாகத்தான் கண் விழித்தேன். அம்மா பேச முடியாமல் கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தாள். தையல் கழுத்தைச் சுற்றி முன்பக்கம் வரை வந்திருந்தது. கடைசி இழையைப் பிடித்தேன்.

நூலின் முனை ஈரமாக இருந்தது. ஊசியில் கோக்க, யாரோ அப்போதுதான் வாயில் வைத்து எடுத்ததுபோல.